ஒரு டஜன் பாட்டில்

ஒரு டஜன் பாட்டில் வாங்கியது என் திமிர். அதற்கு வேறு பெயர் கிடையாது. பால் எடுக்கிற பம்போடு இரண்டு பாட்டில் சேர்ந்தே வந்தது. அது போதாதென்று, மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் பாட்டில் ஒரு டஜன் தனியாக ஆர்டர் போட்டேன். அதுவும் பிரசவத்துக்கு முன்னாலேயே. ஏதோ ஒரு வீடியோவில் ஒரு புண்ணியவதி தன் ஃபிரிட்ஜைத் திறந்து காட்டினாள். மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டு வரை தாய்ப்பால், பால் பூத் மாதிரி அடுக்கி வைத்திருந்தாள். அவளுக்கே அவ்வளவு என்றால் எனக்கு எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டவள் நான்.

அம்மு பிறந்தாள். லீவு முடிந்தது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் நான் சாம்பிள் ரூம் இன்சார்ஜ். திரும்பி வேலைக்குப் போன முதல் நாளே பம்பு என் மானத்தை வாங்கிவிட்டது. மெடிக்கல் ரூமில் திரையை இழுத்துவிட்டு, நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தால், பேட்டரி பம்பு கொர் கொர் என்று இழுக்கும். கொஞ்ச நேரம் போனதும் அது "கம்மி, கம்மி" என்று சொல்வது போலவே எனக்குக் கேட்கும். பாட்டிலின் அடியை மறைக்கிற அளவுக்கு வந்தால் அன்றைக்கு நல்ல நாள்.

குழந்தையின் வீடியோவைப் பார்த்துக்கொண்டே எடுத்தால் நன்றாக வரும் என்றார்கள். பார்த்தேன். அம்மு அழுகிற வீடியோ. கண்ணீர் தாரை தாரையாக வந்தது, பால் வரவில்லை. கண்ணீரைப் பிடித்து வைத்திருந்தால் பாதி பாட்டிலாவது நிறைந்திருக்கும்.

சாப்பாட்டிலும் நான் குறை வைக்கவில்லை. பூண்டுக் குழம்பு, பூண்டுப் பால், சுட்ட பூண்டு, முருங்கைக்கீரை, கருவாடு, வெந்தயக் கஞ்சி. பக்கத்து வீட்டு தஸ்லீம் கொடுத்தனுப்புகிற ஆட்டுக்கால் பாயா வேறு. எல்லாம் என் இடுப்பில் போய் உட்கார்ந்துகொண்டதே தவிர, போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. தோல் நாற்றமும் பசை நாற்றமும் பழகிப்போன கம்பெனி மூக்குகள்கூட நான் வந்தால் சுருங்கின. அவ்வளவு பூண்டு.

என் வீட்டுக்காரர் இன்பராஜுக்கு ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலை. ஷிப்ட் ஷிப்டாகப் போய்விடுவார். பகலில் அம்முவைப் பார்த்துக்கொள்வது அவருடைய அக்கா விஜயகுமாரி அண்ணிதான். இன்று நான் எடுத்து வருகிற பால்தான் நாளைக்கு அண்ணி கையில் அம்முவுக்குச் சாப்பாடு. பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். அந்த ஒன்றும் சொல்லாததுதான் எனக்குத் தாங்காது.

ஒருநாள் சொல்லியே விட்டார். "ஏன்டி ஹேமா, இன்னாத்துக்கு இப்படிப் பேஜார் பண்ணிக்கிற? டப்பா பால் ஒண்ணு வாங்கி வையேன். கம்மியா இருக்கற நாளுக்கு ஆவும்."

"எம் பொண்ணுக்கு டப்பா பால் எதுக்கு அண்ணி? நான் செத்தா போய்ட்டேன்?"

அண்ணி சொன்னதையேதான் டாக்டரும் சொன்னார். குழந்தை எடை ஏறினால் சரி, போதவில்லை என்றால் டப்பா பால் கொடுக்கலாம், அதில் ஒரு தப்பும் இல்லை என்றார். நான் விடுவேனா? போனில் படித்ததையெல்லாம் அவருக்கே பாடம் எடுத்தேன். பாவம், பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

அம்முவின் நல்லதுக்கு என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன். பாதி அதுதான். மீதி வேறு. காலையில் அவள் தூங்கும்போது கிளம்புகிறேன், இருட்டும் நேரத்துக்கு வந்து சேர்கிறேன். பகலெல்லாம் அவளைத் தூக்குவது யாரோ, குளிப்பாட்டுவது யாரோ. என் பாலாவது அவளோடு வீட்டில் இருக்கட்டும் என்று நினைத்தேன். அதுவும் இல்லையென்றால் அவளுக்கு நான் யார்? சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்குகிற ஒரு பொம்பளை. 

ஆனால் அம்மு பாட்டுக்கு எடை ஏறிக்கொண்டே போனாள். கன்னம் ரெண்டும் உப்பி, தொடையில் மடிப்பு மடிப்பாக. ஆஸ்பத்திரியில் எடை போட்ட நர்ஸ், "சூப்பரா ஏறியிருக்கா, இன்னா குடுக்கறீங்க?" என்று கேட்டாள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

"அளவு கம்மிதான் சிஸ்டர். ஆனா என் பாலு கெட்டி" என்றேன்.

பக்கத்தில் நின்றிருந்த அண்ணி சட்டென்று குனிந்து தன் செருப்பைத் தேட ஆரம்பித்தார். செருப்பு அவர் காலில்தான் இருந்தது. அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை.

தஸ்லீமுக்கும் கைக்குழந்தைதான். காஷிஃப். அம்முவைவிடக் கொஞ்சம் மூத்தவன். நான் வேலை விட்டு வரும்போது தஸ்லீம் வாசலிலேயே அம்முவை வாரி எடுத்து, "ஆஜா மேரீ தூத் பேட்டி" என்று கொஞ்சுவாள். நான் சோளிங்கர்க்காரி. ஆம்பூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தும் எனக்கு உருது பிரியாணிக் கடை அளவுக்குத்தான் தெரியும். தூத்பேடா தெரியும், சாப்பிட்டிருக்கிறேன். பேடாவைத்தான் செல்லமாகப் பேட்டி என்கிறாள் என்று எனக்கு நானே ஒரு இலக்கணம் வகுத்துக்கொண்டேன். புஷ்டியான குழந்தை, பால் இனிப்பு மாதிரி இருக்கிறது என்கிறாள். பெருமை தாங்கவில்லை எனக்கு. கம்பெனியில்கூடச் சொல்லிவிட்டேன், "எங்க தெருவுல என் பொண்ணுக்குப் பேரே தூத்பேடா" என்று.

ஒருநாள் அவள் அப்படிக் கொஞ்சும்போது, "பின்ன? எல்லாம் பாலோட மகிமை" என்று வேறு சொல்லிவைத்தேன். தஸ்லீம் வெட்கப்பட்டுச் சிரித்தாள். என் பாலைச் சொன்னால் இவள் எதற்கு வெட்கப்படுகிறாள் என்றும் யோசிக்கவில்லை.

இதற்கிடையில் அந்த ஒரு டஜன் பாட்டில் அலமாரியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்றைக்கூட நிறைக்க வக்கில்லாதவளுக்கு ஒரு டஜன் எதற்கு? இரண்டை வைத்துக்கொண்டு மிச்சத்தையெல்லாம் சாம்பிள் ரூமுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஷூவுக்குள் உள்ளங்கால் படுகிற இடத்தில் ஒட்டும் மெல்லிய தோலுக்கு லேடெக்ஸ் என்று ஒரு வெள்ளைப் பசை தடவுவார்கள். பெரிய கேனைத் திறந்து போட்டால் ஆடை கட்டிப் போகும். "இனிமே ஆளுக்கு ஒரு பாட்டில். அதுல ஊத்தி வெச்சி, மூடி போட்டு யூஸ் பண்ணுங்க. நீட்டா இருக்கணும்" என்று உத்தரவு வேறு போட்டேன். மேனேஜர்கூட நல்ல ஐடியா என்று பாராட்டினார்.

அறிவிருந்தால் அப்போதே யோசித்திருக்க வேண்டும். லேடெக்ஸ் பார்ப்பதற்கு அசல் பால்.

அந்த நாள் பம்புக்கு என்னமோ நல்ல மனசு. நான் வைத்துக்கொண்ட ரெண்டில் ஒரு பாட்டில் பாதிக்கு மேலே நிறைந்துவிட்டது. என் கண்ணையே என்னால் நம்ப முடியவில்லை. போட்டோ எடுத்து இன்பராஜுக்கு அனுப்பினேன். அவர் பதிலுக்கு ஒரு ரயில் என்ஜின் படம் அனுப்பினார். வாழ்த்து என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்குள் சாம்பிள் ரூமிலிருந்து கூப்பிட்டார்கள். சாயங்காலக் கூரியரில், ஷூ வாங்குகிற வெளிநாட்டு பையருக்கு ஒரு ஜோடி சாம்பிள் ஷூ போயாக வேண்டும், தோல் கலரில் தகராறு. பாட்டிலை கேன்டீன் ஃபிரிட்ஜில் வைக்கப் போனால் நேரமாகும் என்று கையோடு எடுத்துக்கொண்டு ஓடினேன். ஒரே நிமிஷம்தானே என்று பசை ஒட்டுகிற டேனியலின் மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு, கட்டிங் செக்ஷனுக்குப் போய் சண்டை போட்டேன். சண்டை என்று வந்துவிட்டால் எனக்கு நேரம் போவது தெரியாது.

திரும்பி வந்தபோது டேனியல் கையில் பிரஷ்ஷோடு நொந்துபோய் நின்றான். எங்கள் சாம்பிள் ரூமில் ஒட்டுகிற வேலைக்கு அவனை மிஞ்ச ஆளில்லை.

"மேடம், இந்த லேடெக்ஸ் ஒட்டவே மாட்டேங்குது. ரெண்டு கோட் அடிச்சிட்டேன். தோலு அப்படியே உறிஞ்சிக்குது, அவ்ளோதான்."

"காட்டு."

பிரஷ்ஷைத் தொட்டு விரலில் தேய்த்துப் பார்த்தேன். பிசுபிசுப்பே இல்லை. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. அங்கேயே நின்று லேடெக்ஸ் சப்ளை செய்கிற இருதயராஜுக்குப் போன் போட்டேன்.

"இன்னா சார் அனுப்பி வெச்சிருக்கீங்க? முக்காவாசி தண்ணி! இதை வெச்சி காகிதத்தைக்கூட ஒட்ட முடியாது."

"மேடம், மேடம், கேனை நல்லாக் கலக்கிட்டு ஊத்தினாங்களா?"

"கலக்கினாலும் அதான், கலக்காட்டியும் அதான். உங்க சரக்கு மட்டம் சார்! கம்மியா அனுப்புங்க, வேணான்னு சொல்லல. அனுப்புறதுல ஒரு சத்து இருக்க வேணாமா?"

"மேடம்" என்று டேனியல் என் கையைத் தொடாமல் தொட்டான். பாட்டிலை மூக்கருகே பிடித்திருந்தான். "எப்பவும் மூக்கைத் தூக்குமே, இதுல அந்த நெடியே இல்ல. லேசா... இனிப்பா..."

அவன் வீட்டிலும் கைக்குழந்தை. பாதி வாக்கியத்திலேயே அவன் முகம் மாறிவிட்டது. நான் பாட்டிலைப் பார்த்தேன். அடியில் கொஞ்சம்தான் மிச்சம்.

போனில் இருதயராஜ், "ஹலோ? மேடம்? நேர்ல வந்து பாக்கட்டுங்களா?" என்று கத்திக்கொண்டிருந்தார்.

"வேணாம் சார். அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்தேன்.

டேனியல் பிரஷ்ஷை மேஜைமேல் மெதுவாக வைத்தான். இத்தனை வருஷம் மேடம் மேடம் என்றவன், "சாரிக்கா" என்றான். அவன் கண்ணில் நீர். அதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு ஓவென்று அழுதேன். நாளைக்கு அம்முவுக்கு என்ன கொடுப்பேன்? என் வாயாலேயே மட்டமான சரக்கு, சத்தில்லாத சரக்கு என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னேனே!

ஷூவைத் துடைத்து, நிஜ லேடெக்ஸ் போட்டு ஒட்டி அனுப்பிவிட்டார்கள். அந்தத் தோல் உறிஞ்சினது உறிஞ்சினதுதான். வெளிநாட்டில் எவளோ ஒருத்தியின் காலுக்கடியில் என் பால் கிடக்கிறது.

பர்மிஷன் சொல்லிவிட்டு, கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திராமல் டவுன் பஸ் பிடித்தேன். இறங்கியதும் மெடிக்கலில் ஒரு பால் பவுடர் டப்பா வாங்கினேன். கடைக்காரர் பையில் போடும்போது யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன், ஏதோ சாராயம் வாங்குகிறவள் மாதிரி. அண்ணியிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை. ஷூவில் ஒட்டிவிட்டார்கள் என்றால் நம்புவாரா?

வீடு திறந்து கிடந்தது. ஆள் இல்லை. தொட்டில் காலி. பக்கத்து வீட்டில் அண்ணி குரல் கேட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

தஸ்லீம் சுவரில் சாய்ந்து பாயில் உட்கார்ந்திருந்தாள். மார்பை மூடின துப்பட்டாவுக்கு வெளியே ரெண்டு குட்டிப் பாதம். கொலுசு போட்ட பாதம். காஷிஃப் கொலுசு போடுவதில்லை. காஷிஃப் அண்ணி மடியில் கையைச் சப்பிக்கொண்டிருந்தான்.

 பொய் சொல்ல மாட்டேன், அந்த நேரம் தஸ்லீமின் முடியைப் பிடித்து இழுக்கலாம் போல இருந்தது எனக்கு.

அவளோ என்னைப் பார்த்துச் சிரித்தாள். "வாங்கக்கா. இன்னிக்கு சீக்கிரம் வந்துட்டீங்க? இவ இப்பத்தான் குடிக்க ஆரம்பிச்சா, உக்காருங்க."

"இன்னா நடக்குது இங்க?" என்று கத்தினேன். "அண்ணி! எம் புள்ளைய இன்னா பண்றீங்க ரெண்டு பேரும்?"

"கத்தாத. புள்ள பயந்துடும்" என்றார் அண்ணி, சுவரைப் பார்த்து.

தஸ்லீமின் சிரிப்பு நின்றுவிட்டது. என்னையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தாள். "அக்கா, உங்களுக்குத் தெரியாதா? நான் மொதல் நாளே அண்ணிகிட்ட கேட்டேனே. அம்மாக்குத் தெரியாம குடுக்கக் கூடாது, அது தப்புன்னு சொன்னேனே. ஹேமாகிட்ட சொல்லிட்டேன்னு சொன்னாங்களே அண்ணி!"

அண்ணி காஷிஃபின் வாயிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"எங்கள்ல ஒரு புள்ளைக்குப் பாலு குடுத்தா அது நம்ம புள்ளை ஆயிடும்க்கா. அம்மு காஷிஃபுக்குத் தங்கச்சி ஆயிட்டா. நாளைக்கு அதுங்களுக்குள்ள கல்யாணம் காட்சி எதுவும் கூடாது. அதனால ரெண்டு வீட்டுக்கும் தெரிஞ்சிருக்கணும். அதான் தெனமும் உங்க முன்னாடியே தூத் பேட்டி, தூத் பேட்டின்னு கூப்பிட்டேன். நீங்களும் சிரிச்சீங்க. எல்லாம் பாலோட மகிமைன்னு நீங்களே சொன்னீங்க. எனக்கு எவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா?"

"தூத் பேட்டின்னா?" என்றேன்.

"பால் குடிச்ச பொண்ணு. பால் மக."

"நான் தூத்பேடான்னு நெனச்சேன்."

 அண்ணியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறாரா என்று பார்த்தேன். வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சிரிப்பை அடக்குகிறார்.

"சிரிக்காதீங்க! ஏன் என்கிட்ட சொல்லல?"

"இன்னான்னு சொல்லச் சொல்ற?" என்று என் பக்கம் திரும்பினார் அண்ணி. இப்போது கண் கலங்கியிருந்தது. "நீ குடுத்துட்டுப் போறது மத்தியானத்துக்கே தாங்காது. அதுக்கப்புறம் புள்ள வீறிட்டுக் கத்தும். டப்பா பாலுன்னு ஒரு வார்த்த சொன்னா குதிக்கிற. இந்தப் பொண்ணு அழுகைய கேட்டு ஓடியாந்து நான் தரேன்னா. வேணான்னு எப்படிச் சொல்வேன்? உன்கிட்ட சொன்னா நீ உடைஞ்சு போய்டுவ. வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு உக்காந்துடுவ. அதான் சொல்லல. தப்புதான். திட்டிக்க."

எனக்குத் திட்ட வரவில்லை. வேறொன்று கேட்க வேண்டியிருந்தது. 

"அப்ப நான் எடுத்துட்டு வர்ற பாலு?"

"அதைத்தான் மொதல்ல குடுப்பேன். ஒரு சொட்டு கீழ ஊத்தினதில்லடி. பாட்டில்ல ஒட்டியிருக்கறத கூட சுரண்டிக் குடுத்திருக்கேன்."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பை சரிந்து டப்பா உருண்டு வெளியே வந்தது. மூன்று பேரும் அதையே பார்த்தோம்.

"வாங்கிட்டியா?" என்றார் அண்ணி.

"இன்னிக்குப் பாலு இல்ல அண்ணி. டேனியல் எடுத்து ஷூவுல ஒட்டிட்டான்."

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. லேடெக்ஸ், பிரஷ், இருதயராஜ், மட்டமான சரக்கு, எல்லாம். சொல்லச் சொல்ல தஸ்லீமுக்குச் சிரிப்பு தாங்காமல் உடம்பு குலுங்கியது. அந்தக் குலுக்கலிலும் அம்மு விடாமல் குடித்துக்கொண்டிருந்தாள். நானும் சிரித்தேன், அழுதேன், எது எப்போது என்று எனக்கே தெரியவில்லை. கடைசியில் அண்ணி டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "இதுவும் இருக்கட்டும். நாளைக்கு டாக்டர்கிட்ட எவ்ளோ குடுக்கலாம்னு கேட்டுக்கலாம்" என்றார்.

நாங்கள் போட்ட சத்தத்தில் காஷிஃபுக்குப் பொறுமை போய்விட்டது. தன் முறைக்காகக் காத்திருந்தவன், தொண்டை கிழியக் கத்த ஆரம்பித்தான். அப்போதுதான் அந்த அக்கிரமம் நடந்தது. மெடிக்கல் ரூமில் உட்கார்ந்து தவம் கிடந்தாலும் வராத பால், ஊரான் பிள்ளை ஒருத்தன் அழுததும் குபுக்கென்று இறங்கி என் சுடிதாரை நனைத்தது. குனிந்து பார்த்தேன். வட்டமாக, ரெண்டு பக்கமும்.

"அவனை இப்படிக் குடுங்க அண்ணி" என்றேன். பிறகு தஸ்லீமைப் பார்த்தேன். "குடுக்கலாமாடி?"

 தஸ்லீம் தலையை ஆட்டினாள். பிறகு, "குடுங்கக்கா. குடிச்சா அவன் உங்களுக்கும் மகன்" என்றாள்.

காஷிஃப் கனமான பிள்ளை. மடியில் போட்டதும் மூச்சு விடாமல் பாய்ந்து பிடித்தான். கொஞ்ச நேரத்தில் வேகம் குறைந்தது. வாயை எடுத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தான், கடையில் சரக்கு இவ்வளவுதானா என்று கேட்கிற பார்வை. எனக்கு மானம் போயிற்று. தஸ்லீமிடமே கொடுத்துவிடலாம் என்று எழப் போனேன். அதற்குள் மறுபடி பிடித்துக்கொண்டான். பழைய வேகத்தில் இல்லை, நிதானமாக, என் சுடிதாரின் பட்டனை ஒரு கையால் திருகிக்கொண்டே. அந்தக் கை மெல்ல மெல்லத் தளர்ந்தது. எவ்வளவு குடித்தான் என்று சொல்ல பாட்டில் மாதிரி அவன் வயிற்றில் அளவுக்கோடு போட்டிருக்கவில்லை. ஆனால் தூங்கிவிட்டான். என் பாலைக் குடித்துவிட்டு ஒரு பிள்ளை என் மடியில் பகல் வெளிச்சத்தில் தூங்கி எத்தனை நாளாகிறது! என்னால் அழுகையை அடக்க முடியவில்லை.

எதிரே தஸ்லீம் துப்பட்டாவை விலக்கினாள். அம்முவும் தூங்கியிருந்தாள். வாய் திறந்திருந்தது, உதட்டோரம் பால் வழிந்து தஸ்லீமின் கையை நனைத்துக்கொண்டிருந்தது.

"மாத்திக்கலாமாக்கா?" என்று தஸ்லீம் ரகசியக் குரலில் கேட்டாள்.

நான் என் மகளைப் பார்த்தேன்.

"வேணாம்டி. உங்கிட்டயே இருக்கட்டும். நல்லாத் தூங்குறா."